கிறவல் றோட்டில் இறங்கி நடந்தது

போன ஆவணியில் அந்த மலைச்சாலையில் மறுபடியும் போனோம். மொன்றியலிலிருந்து ஆற்றோரமாகவே ஒரு நாள் ஓடி, பிறகு வடக்கே திரும்பி மலைக்குள் ஏறுகிற சாலை. வரைபடத்தில் அதற்கு நெடுஞ்சாலை என்று பெயர், ஓர் இலக்கம்கூட உண்டு. நேரில் பார்த்தால் பாதி தார், பாதி கிறவல், வெறும் சரளைக்கல். பத்துக் கிலோமீற்றர் தார் வழுக்கிக்கொண்டு போகும். திடீரென்று யாரோ பேச்சை நடுவில் விட்டதுபோல அது முடியும். கற்கள் காரின் அடிவயிற்றில் கதைக்கத் தொடங்கும். ஊசியிலை மரம், ஏரி, ஊசியிலை மரம், ஏரி, கடமான் குறுக்கே வரும் என்று மஞ்சள் பலகை, மறுபடி ஏரி. கடமான் மட்டும் வராது.

ஒரு வளைவுக்கு அப்பால் வீதிவேலை. சக்கரம் பூட்டிய தற்காலிகச் சமிக்ஞை விளக்கொன்று சிவப்பாக நின்றது. கணவர் காரை நிறுத்தினார். நான் சீற்பெல்ற்றைக் கழற்றி, கைப்பையைத் தோளில் மாட்டி, கதவைத் திறந்து, ஒரு காலை வெளியே வைத்துவிட்டேன்.

"எங்கை போறீர்?" என்றார் அவர்.

சிரிப்பு வந்தது. காலை உள்ளே எடுத்துக் கதவைச் சாத்தினேன். பச்சை விழும்வரைக்கும் அவருக்கு இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எனக்கு அப்போது பத்து வயது. கோட்-டெ-நெய்ஜில் மூன்றாம் மாடியில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், வந்து ஒரு வருடமான மாமா. மாமா அம்மாவின் தம்பி. பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை. வாய் ஓயாத ஆள். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தாலும் ஒன்றரை வயதில் தூக்கி வரப்பட்டவள். என்னுடைய முதல் ஞாபகமே அந்தக் கட்டடத்து லிஃப்ற்றின் வாசனைதான். வீட்டில் தமிழ், வெளியே பிரெஞ்சு; பள்ளிக்கூடக் கடிதம் முதல் வைத்தியர் எழுதித்தருகிற துண்டுவரை எல்லாவற்றுக்கும் நான்தான் மொழிபெயர்ப்பாளர். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, அந்த மலைச்சாலை போய் முடிகிற சின்ன ஊரில் இருந்தார். அங்கே மரம் அரிகிற ஆலை. ஆலைச் சமையலறையில் சித்தப்பா சமையல். அப்பாவும் அவரும் மூன்று வருடமாகப் பேச்சில்லை. காரணம் ஒரு கோட்டு என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். சித்தப்பா இரவல் வாங்கிப்போன அப்பாவின் குளிர்கோட்டுக்குச் சிப் உடைந்துவிட்டதாம். நான் அதை முழுமனதோடு நம்பினேன். அலுமாரியைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் கோட்டைக் கொஞ்சம் கோபமாகவே பார்ப்பேன்.

தொலைக்காட்சிக்கு மேலே ஒரு படம் தொங்கியது. மூன்று இளைஞர்கள். இடப்பக்கம் அப்பா, வலப்பக்கம் சித்தப்பா. நடுவில் நிற்பவர் செத்துப்போய்விட்டார் என்று அம்மா சொல்லியிருந்தார். படத்தில் அவர் ஒருவர்தான் சிரித்துக்கொண்டிருந்தார்.

சித்தப்பாவுக்குப் பிள்ளை பிறந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவிலால் வந்து சோறு போடுகிற நேரம் தொலைபேசி அடித்தது. சித்தப்பா அம்மாவோடுதான் கதைத்தார். ஆனால் சத்தமாகக் கதைத்ததால் வாங்கில் உட்கார்ந்திருந்த அப்பாவுக்கும் கேட்டது. கேட்கவேண்டும் என்றுதான் கதைத்தார் போல.

"அண்ணி, அண்ணையிட்டைச் சொல்லுங்கோ. என்ர பிள்ளைக்கு அவர்தான் ஞானத்தகப்பன். அவர் வராட்டி நான் வேற ஆளைக் கேக்கமாட்டன். பிள்ளை ஞானஸ்நானம் இல்லாமல் அப்பிடியே இருக்கட்டும்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். வேதக்கார வீட்டில் அப்படி ஒரு வார்த்தையை யாரும் சும்மா சொல்வதில்லை. அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கடைசியில், "எத்தினை மணிக்காம்?" என்று மட்டும் கேட்டார்.

அந்த ஊருக்கு நிரந்தரமான சுவாமியார் இல்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை இன்னொரு ஊரிலிருந்து ஒருவர் வருவார். மூன்று மணிக்குப் பூசை, நான்கு மணிக்கு அடுத்த ஊருக்குப் புறப்பட்டுவிடுவார். பிந்தினால் அவ்வளவுதான். "பிந்தினா, நான் வேணுமெண்டு வராமல் விட்டன் எண்டுதான் அவன் நினைப்பான்," என்று அப்பா அந்தக் கிழமை முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். பல் விளக்கும்போதுகூட.

பிள்ளைக்கு வெள்ளைச் சட்டை கொண்டுபோவது ஞானத்தாயின் பொறுப்பு. அம்மா வேலையால் வந்து ஐந்து நாட்கள் இருந்து தைத்தார். ஒரு முழம்கூட இல்லாத சட்டை. கழுத்தைச் சுற்றிக் கடுகளவு பூக்கள். அதை மாமாவின் தொழிற்சாலையிலிருந்து வந்த பிஸ்கட் ரின் ஒன்றில் மடித்து வைத்து, மூடியைச் சுற்றி ரேப் ஒட்டி, என் மடியில் வைத்தார்.

"இதுக்குள்ளை ஒரு தூசி போனாலும் உன்னைத்தான் கேப்பன்."

கோவிலில் தெரிந்த ஒருவரிடம் வான் இரவல் வாங்கி வெள்ளி மத்தியானம் புறப்பட்டோம். ஆற்றோரத்து மோட்டல் ஒன்றில் படுத்து, சனி காலை மலைக்குத் திரும்பினோம். தார் முதல்முறை முடிந்த இடத்தில் மாமா ஜன்னலால் எட்டிப் பார்த்தார்.

"அத்தான், இதுவோ ஹைவே? எங்கட ஊர் ஒழுங்கை இதைவிட நேர்."

"நீ மப்பைப் பார்."

"மப்பிலை தடிச்ச சிவப்புக் கோடாக் கிடக்கு. கீறினவன் இஞ்சாலை வராமல் கீறியிருக்கிறான்."

அம்மா செபமாலையை உருட்டிக்கொண்டே சிரித்தார். நான் ரின்னைக் கட்டிப்பிடித்திருந்தேன். மரம் ஏற்றிய லொறிகள் எதிரே வரும்போதெல்லாம் வானுக்குள் உலகமே மஞ்சளாகும். ஜன்னலை எவ்வளவு பூட்டினாலும் தூசி எங்கிருந்தோ வந்து நாக்கில் உட்கார்ந்தது. நான் ரேப்பின் விளிம்புகளை எச்சில் தொட்டு அழுத்தி அழுத்தி ஒட்டினேன். பயமாகவும் இருந்தது, பறக்கிறமாதிரியும் இருந்தது. அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன் நான் கண்டதில்லை. மலைமுதுகில் மேகநிழல் நடந்துபோனது. ஒவ்வொரு ஏரியையும் யாரோ அப்போதுதான் கழுவிக் கவிழ்த்து வைத்ததுபோல இருந்தது.

ஒரு மணி தாண்டிக் கொஞ்ச நேரம். ஒரு வளைவு. தூரத்தில் ஒரு பெண், செம்மஞ்சள் அங்கி, தலையில் தொப்பி, கையில் கம்பில் பூட்டிய "நில்" பலகை. அவருக்குப் பின்னால் ஒரு பெரிய இயந்திரம் சாலையைச் சுரண்டி மட்டம் பண்ணிக்கொண்டு போனது.

அப்பா நன்றாக ஐம்பது அடி இப்பாலேயே வானை நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார். பிறகு கையை மேலே நீட்டி வானின் உள்விளக்கைப் போட்டார். உச்சி வெயிலில்.

"இறங்குங்கோ," என்றார்.

அம்மா கைப்பையோடு ஏற்கெனவே கதவைத் திறந்துகொண்டிருந்தார். அதிசயம் மாமாதான். அவ்வளவு நேரமும் வாய் ஓயாதவர், ஒரு சொல் இல்லாமல் தொப்பியைக் கழற்றினார், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார், இரண்டையும் இருக்கையில் வைத்தார், தலைமயிரைக் கையால் படிய வாரினார். இது ஏதோ புது விளையாட்டு என்று நினைத்து நானும் என் தொப்பியைக் கழற்றினேன்.

வரிசையாக நடந்தோம். முன்னால் அப்பா, அடுத்து அம்மா, பிறகு நான், கடைசியில் மாமா. ஒருவருக்கொருவர் நாலு அடி இடைவெளி. அப்பா கையில் குடிவரவுக் கடிதங்களை விரித்துப் பிடித்திருந்தார்.

"ஓடாதை," என்று பின்னாலிருந்து மாமா மெதுவாகச் சொன்னார். "கை ரெண்டும் தெரியிறமாதிரி வை."

"நான் ரின்னெல்லோ வைச்சிருக்கிறன்."

"அப்ப ரின் தெரியிறமாதிரி வை."

அந்தப் பெண்ணுக்கு அம்மாவைவிடக் கொஞ்சம் கூட வயது. மூக்கு வெயிலில் உரிந்திருந்தது. பாதி தின்ற சான்ட்விச்சைப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு, "பொன்ஜூர்?" என்றார். அது வணக்கமாக இல்லாமல் கேள்வியாக வந்தது.

அப்பா கடிதங்களை நீட்டினார். அம்மா தன் கார்ட்டை நீட்டினார். மாமாவிடம் வேறொன்றும் இருக்கவில்லைப் போல, தொழிற்சாலை அட்டையை நாடாவோடு நீட்டினார். அவர் எங்களை, வானை, மறுபடி எங்களைப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார். என் வேலை தொடங்கியது.

"வானுக்கு என்ன பழுது எண்டு கேக்கிறா."

"பழுதில்லை எண்டு சொல்லு. நாங்கள் நாலு பேர் எண்டு சொல்லு."

சொன்னேன்.

"அது தனக்குத் தெரியுதாம்," என்றேன்.

"எங்கை இருந்து வாறம், எங்கை போறம், எல்லாம் வடிவாச் சொல்லு."

நான் தொடங்குவதற்குள் அவர் மாமாவின் அட்டையைப் படித்துவிட்டார். அதிலிருந்த பிஸ்கட் படத்தைப் பார்த்தார். என் கையிலிருந்த பிஸ்கட் ரின்னைப் பார்த்தார். முகம் தெளிந்தது. வேண்டாம், வேண்டாம், இப்போதுதான் சாப்பிட்டேன், மிகவும் நன்றி என்றார்.

"என்னவாம்?" என்றார் அப்பா.

"பிஸ்கட் குடுக்க வந்திருக்கிறம் எண்டு நினைக்கிறா."

"திறந்து காட்டு," என்றார் அப்பா. "அவை கேக்கமுந்தி நாங்களாத் திறந்து காட்டவேணும்."

நான் அம்மாவைப் பார்த்தேன். தூசிக்குப் பயந்து நூற்றைம்பது கிலோமீற்றர் காத்த ரின். அம்மா தலையாட்டினார். ரேப்பை உரித்தேன். அந்தப் பெண் குனிந்து பார்த்தார். வெள்ளைச் சட்டை. கடுகளவு பூக்கள். தொடப்போன விரலை அவர் அங்கியில் துடைத்தார், பிறகு தொடாமலே விட்டுவிட்டார்.

"படேம்," என்றேன் நான். ஞானஸ்நானம். மூன்று மணிக்கு. என் அப்பாதான் ஞானத்தகப்பன். பிந்தினால் சுவாமியார் போய்விடுவார். சித்தப்பா இனி எப்போதும் கதைக்கமாட்டார். எல்லாம் ஒரு கோட்டால் வந்தது. ஒன்றும் விடாமல் சொன்னேன்.

இன்னும் நாற்பது நிமிடம் செல்லும் என்றார் அவர். முன்னால் வழிகாட்டிப் போகிற சின்ன லொறி மறுமுனையில் நின்றது. அது திரும்பி வந்தால்தான் வாகனங்களை விடலாம்.

அப்பா மணிக்கூட்டைப் பார்த்தார். "வானை விட்டிட்டு நாங்கள் நடந்து அங்காலை போகலாமோ எண்டு கேள்."

கேட்டேன். "ஏழு கிலோமீற்றராம்."

"நடப்பம்," என்றார் அப்பா.

அம்மா தன் சப்பாத்தைப் பார்த்தார். பூசைக்கென்று போட்ட, குதி உயர்ந்த சப்பாத்து. சீலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினார்.

அந்தப் பெண் வோக்கி-டோக்கியை எடுத்தார். இங்கே ஒரு குடும்பம் ஞானஸ்நானத்துக்கு நடந்து போகப்போகிறது, சின்னப் பிள்ளையும் இருக்கிறது, யாராவது சீக்கிரம் வாருங்கள் என்றார்.

நான் திரும்பிப் பார்த்தபோதுதான் அந்த வேடிக்கை. எங்களுக்குப் பின்னால் நாலைந்து வாகனம் சேர்ந்திருந்தது. முதலாவதில் இருந்த வயதான வெள்ளைக்காரத் தம்பதி, நாங்கள் இறங்கி வரிசையாகப் போவதைப் பார்த்துவிட்டு, இங்கே அதுதான் சட்டம் போல என்று இறங்கிவிட்டார்கள். கிழவர் கையில் சாரதி அனுமதிப்பத்திரம். கிழவி கையில் நாய். அவர்களைப் பார்த்து அடுத்த காரும் இறங்கியது. கடைசியில் மர லொறிக்காரர், பனை உயரம், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வந்து மாமாவுக்குப் பின்னால் நாலு அடி விட்டு நின்றார். என்ன ஏது என்று அவர் கேட்க, நான் மறுபடியும் கோட்டிலிருந்து தொடங்கினேன். கேட்டுவிட்டு அவர் விறுவிறென்று தன் லொறிக்குப் போனார். அங்கே அவர்களுக்குள் கதைக்கிற ரேடியோ இருந்தது. கதவு திறந்திருந்ததால் பாதி கேட்டது: நடந்து வருகிறார்கள், கிழக்கு நாட்டுச் சேலை கட்டிய அம்மா ஒருவர், குழந்தையின் சட்டை ஒரு பெட்டியில்.

வழிகாட்டி லொறி பதினைந்தே நிமிடத்தில் பறந்து வந்தது. அதற்குப் பிறகும் அப்பாவை வானில் ஏற்றுவது இலேசாக இருக்கவில்லை.

"எல்லாரும் ஏறலாமோ எண்டு கேள்."

"ஏறட்டாம் அப்பா."

"நாலு பேருமோ எண்டு கேள்."

"நாலு பேருந்தான்! ஏறட்டாம்!"

அப்பா அந்தப் பெண்ணுக்கு முன்னால் நெஞ்சில் கைவைத்து, "மெர்சி, மடாம்," என்று மூன்று தரம் சொன்னார். அவர் எங்களை வரிசையில் முதலாவதாக விட்டார். கடந்து போகும்போது பலகையை உயர்த்திக் கொடிபோல ஆட்டினார். பின்னால் நாய் குரைத்தது. மாமாவுக்கு அப்போதுதான் வாய் திரும்பி வந்தது.

"என்ர கார்ட்டை வாசிச்ச முகத்தைக் கண்டியளோ? நாட்டிலை எனக்கு இவ்வளவு மரியாதை கிடைக்கேல்லை."

அம்மா சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார், சீலைத் தலைப்பால் என் முகத்துத் தூசியைத் துடைத்தார். ஏன் என் முகத்தை என்று தெரியவில்லை.

ஊருக்கு இன்னும் இருபது கிலோமீற்றர் இருக்கும்போது எதிரே ஒரு புழுதி மேகம் வந்தது. அதற்குள் ஒரு பிக்கப். லைற்றை அடித்து அடித்து வந்து, குறுக்கே சறுக்கி நின்றது. கோட்டும் ரையுமாகச் சித்தப்பா குதித்தார். மூன்றுக்குப் பத்து நிமிடம். அவர் நிற்கவேண்டிய இடம் கோவில்.

லொறியிலிருந்து லொறிக்குப் போன செய்தி ஆலைக்குப் போய், ஆலையிலிருந்து கோவிலுக்குப் போயிருந்தது. மொன்றியல்காரர் நடந்து வருகிறார்கள். பிள்ளையைச் சித்தியின் கையில் போட்டுவிட்டு, யாருடையதோ பிக்கப்பை எடுத்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறார்.

அப்பாவும் இறங்கினார். இரண்டு பேருக்கும் இடையில் பத்து அடி. புழுதி மெல்லமெல்ல இறங்கியது. கோட்டைப் பற்றிச் சண்டை தொடங்கப்போகிறது என்று நான் ரின்னை இறுக்கிப் பிடித்தேன்.

சித்தப்பா வானுக்குள் எட்டிப் பார்த்து அம்மாவை எண்ணினார், மாமாவை எண்ணினார், என்னை எண்ணினார். பிறகு அப்பாவிடம் திரும்பினார்.

"எல்லாரையும் விட்டவங்களோ அண்ணை?"

அப்பா வாய் திறப்பதற்குள் நான் ஜன்னலால் தலையை நீட்டிக் கத்தினேன்:

"நாயையும் விட்டவ, சித்தப்பா!"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு ஒரே நேரத்தில் சிரிக்கத் தொடங்கினார்கள், ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, இருமல் வருமட்டும். "ஓமடா," என்றார் அப்பா. "எல்லாரையும் விட்டிட்டினம். எல்லாரையும்." அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். ஒருதரம் சொன்னால் போதாதா என்று எனக்கு இருந்தது.

கோவிலுக்குப் போனபோது மூன்றேகால். சுவாமியார் வாசற்படியில் நின்றார். அவருக்குப் பக்கத்தில் அந்த ஊர்ப் பெண்கள் ஒரு பேசினில் வெந்நீரும் துவாயும் வைத்துக்கொண்டு நின்றார்கள், நடந்து வருகிறவர்களின் காலுக்கு. நாங்கள் வானால் இறங்கியதைக் கண்டு கொஞ்சம் ஏமாந்துபோனார்கள். அம்மா அவர்களைப் பார்த்தார். குதி உயர்ந்த சப்பாத்தைக் கழற்றிவிட்டு, புழுதியே படாத காலைப் பேசினுக்குள் வைத்தார். அந்தப் படியில் எழுந்த கைதட்டல் எனக்கு இன்னும் கேட்கிறது.

சட்டையில் ஒரு தூசி இல்லை. ரின் மூடியில் மட்டும் என் பத்து விரலும் புழுதியில் பதிந்திருந்தன. சுவாமியார் பெயரைக் கேட்டார். சித்தப்பா சொன்னார், ஞானத்தகப்பன் என்ற முறையில் அப்பாவும் சொன்னார், இரண்டாம் முறைதான் சத்தம் வந்தது. அது படத்தில் நடுவில் நிற்பவரின் பெயர். ஒரு வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே பெயர் இருந்தால் குழம்பாதா என்று மட்டும் நான் யோசித்தேன்.

இந்தக் கதையை நான் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறேன். பிறந்தநாள் வீடுகளில் சொல்லியிருக்கிறேன், லொறிக்காரர்போல நடந்தும் காட்டியிருக்கிறேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஒருமுறை, நான் வேலைக்குப் போகத் தொடங்கிய புதிதில், ரொக்ஸ்பரோ ரயில் நிலையத்துக் கார்த்தரிப்பிடத்தில் மாமாவோடு காருக்குள் உட்கார்ந்திருந்தேன். ரயில் பிந்தியது. பேச்சுவாக்கில், "அண்டைக்கு ஏன் மாமா இறங்கினனாங்கள்?" என்று கேட்டேன்.

மாமா கண்ணாடியைக் கழற்றினார்.

"நாட்டிலை ஆமி மறிக்கிற சென்றியைக் கண்டா அப்பிடித்தான். உள்ளை லைற்றைப் போடவேணும், இறங்கவேணும், நடக்கவேணும். அந்தப் படத்திலை நிக்கிற மூண்டு பேரும் ஒரு வானிலை வந்தவை. நடுவிலான் சொன்னவராம், திரும்பிப் போவம் எண்டு. உன்ர கொப்பர்தான், ஒண்டும் நடக்காது, லைற்றைப் போட்டிட்டு இறங்கி நடப்பம் எண்டது. நடந்தவை. ரெண்டு பேரை விட்டாங்கள்."

"பேந்து?"

"பேந்தென்ன? பேந்து கோட்டுக் கதைதான்."

ரயில் வந்தது. நான் இறங்கவில்லை, அடுத்ததில் போனேன்.

அதற்குப் பிறகு அந்த நாளை நினைக்கும்போது நாயும் பேசினும் கொஞ்சம் பின்னால் போய் நிற்கும். வேறொன்று முன்னால் வரும். கிறவலில் நின்று இருவரும் சிரித்து முடித்த பிறகு, சித்தப்பா வானுக்குக் கிட்ட வந்தார். உள்விளக்கு அப்போதும் எரிந்துகொண்டிருந்தது. அந்த வெயிலில் அது எரிவது எங்கள் ஒருவருக்கும் தெரியவில்லை. அவருக்கு எப்படித் தெரிந்ததோ. ஜன்னலால் கையை நீட்டி, தூங்குகிற பிள்ளையின் கண்ணைத் தொடுகிறமாதிரி, அதை அணைத்தார். அணைத்த பிறகும் கையை எடுக்கவில்லை.

எனக்கு எல்லாம் தெரியும் என்று காட்டவேண்டும். "பற்றரி இறங்கிப்போடும் எண்டுதானே, சித்தப்பா?" என்று கேட்டேன்.

"ஓம் பிள்ளை," என்றார் சித்தப்பா. "பற்றரி இறங்கிப்போடும்."